ஃபியூசிங் ஏன் கொப்புளிக்கிறது, ஏன் கழன்று வருகிறது: மழைக்கால மலைநாட்டில் தைக்கிறவர்களுக்கு

கொலரும் கஃபும் விறைப்பாக நிற்க உள்ளே வைத்து அயனால் ஒட்டுகிற, ஒரு பக்கம் பசை உள்ள உள்துணிதான் ஃபியூசிங். அது ஒட்டின கொலரில் கொப்புளம் கிளம்பியதும் எல்லாரும் முதலில் திட்டுவது கடைக்காரரைத்தான், மட்டமானதைத் தலையில் கட்டிவிட்டார் என்று. சில நேரம் அது உண்மையும்தான். கார்மென்ட் மிச்சமாக வந்த ரோலில் எது எந்தத் துணிக்காகச் செய்தது என்பது விற்கிறவருக்கே தெரியாது. ஆனால் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வீட்டில் தைக்கிறவர்களின் கெட்டுப்போன கொலர்களைப் பிரித்துப் பார்த்தால் ஃபியூசிங்கில் ஒரு குறையும் இருக்காது. ஈரம்தான் வேலையைக் கெடுத்திருக்கும். துணியில் ஈரம், ஃபியூசிங்கில் ஈரம், மேசையில் மடித்துப் போட்ட கம்பளியிலும் ஈரம்.

காரணம் இதுதான். ஃபியூசிங்கின் ஒரு பக்கத்தில் இருக்கும் பசைப் புள்ளிகள் உருகித் துணி இழைக்குள் இறங்க, வகையைப் பொறுத்து 120 முதல் 160 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். துணிக்குள் தண்ணீர் இருக்கும் வரை துணியின் சூடு தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டி ஏறாது. கடல்மட்டத்தில் அது 100 பாகை, 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் கிட்டத்தட்ட 94 பாகைதான். பைக்கட்டில் 10 முதல் 15 விநாடி அழுத்தச் சொல்லியிருக்கும், நீங்களும் அழுத்துவீர்கள், அந்த விநாடிகள் எல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பசைக்குச் சூடு போய்ச் சேரும் நேரத்தில் அயனைத் தூக்கிவிடுவீர்கள்.

அதனால் கீழே எந்தப் பிரச்சினைக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: துணியையும் மேசை விரிப்பையும் வெறும் சூட்டில், ஸ்டீம் இல்லாமல், ஆவி வருவது நிற்கும் வரைக்கும் அயன் பண்ணுங்கள். கொடியில் இரண்டு மூன்று நாள் கிடந்த துணி கைக்குக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

அழுத்தி எடுத்த உடனேயே கழன்று வருகிறது

முதலில் பக்கம் சரியா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மெல்லிய வெள்ளை ஃபியூசிங்கில் இரவு விளக்கில் பக்கம் தெரியவே தெரியாது. சன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் பசை உள்ள பக்கம் மணல் தூவியது போல மினுங்கும், விரல் நுனியால் தடவினால் சொரசொரக்கும். அந்தப் பக்கம் துணியின் உள்பக்கத்தின் மேல் படிய வேண்டும்.

பக்கம் சரி என்றால் நீங்கள் அயனைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். சேர்ட்டுக்கு அயன் பண்ணுகிற பழக்கத்தில் கை தானாகவே இழுத்துத் தேய்க்கும். ஃபியூசிங்குக்குத் தேய்க்கவே கூடாது. வைக்க வேண்டும், உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், அடுத்த இடத்தில் கொஞ்சம் முந்திய இடத்தின் மேல் ஏறுகிற மாதிரி வைக்க வேண்டும். தேய்த்தால் பாதி உருகிய பசை நகர்ந்து ஃபியூசிங்கும் துணியும் ஒன்றுக்கொன்று விலகி ஒட்டும், அந்த விலகல்தான் பிறகு சுருக்கமாக நிற்கும்.

நேரத்தையும் நேர்மையாக எண்ணுங்கள். அவசரத்தில் நாம் எண்ணும் பதினைந்து, கடிகாரத்தில் ஏழு எட்டுத்தான் வரும். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணினால் ஓரளவுக்குச் சரியாக வரும், இல்லாவிட்டால் போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாத இடங்கள் ஒரு ஒழுங்கில் வரிசையாகத் தெரிந்தால், அயனைக் கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். ஸ்டீம் அயனில் துளைகள் இருக்கிற இடம் துணியை அழுத்தாது. அந்தத் துளைகளின் வடிவம் அப்படியே கொலரில் பதிந்திருக்கும். அயனை அரை அங்குலம் தள்ளி இன்னொரு தரம் அழுத்தினால் அதுவும் பிடித்துவிடும். ஃபியூசிங்குக்கு என்று அயன் வாங்கப் போகிறவர்கள் துளையில்லாத பழைய பாரமான வெறும் அயனையே வாங்குங்கள், அதுதான் இந்த வேலைக்கு ராஜா.

அப்புறம் கரண்ட். நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். மாலை ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் ரைஸ் குக்கரும் ஓடும்போது, லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு அது அப்படியே வந்து சேராது. வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அயன் தரும் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். வெறும் அயன் மெல்ல மெல்லச் சூடாகிவிடும்தான், ஆனால் குளிர்ந்த துணியில் வைத்ததும் இறங்கின சூடு மறுபடி ஏற நேரம் எடுக்கும். ஒவ்வொரு தடவை அழுத்திய பிறகும் அயனின் சிவப்பு விளக்கு அணையும் வரைக்கும் பொறுங்கள். முடிந்தால் இந்த வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் வெட்டுங்கள், பொத்தான் தையுங்கள்.

சிரட்டைக் கரிப் பெட்டியில் அயன் பண்ணுகிறவர்களுக்கும் ஃபியூசிங் ஒட்டும், பாரம் அதிகம் என்பதால் சில நேரம் கரண்ட் அயனைவிட நன்றாகவே ஒட்டும். சூடு எவ்வளவு என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பத்திரிகைக் கடதாசியில் வைத்து எடுத்துப் பாருங்கள். கடதாசி பழுத்தால் கொஞ்சம் ஆற விடுங்கள். சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் விழாமல் இருக்க மேலே ஒரு துணி போட்டே அழுத்துங்கள்.

கடைசியாக மேசை. ஸ்பொஞ்சு வைத்த அயன் பலகை நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். சீமெந்துத் தரையில் ஒரு விரிப்புப் போட்டு அழுத்தினால் தரை சூட்டை உறிஞ்சும், நம் ஊர்த் தரையின் குளிர் உங்களுக்குத் தெரியாததா. மரப்பலகை மேல் நாலாக மடித்த கம்பளி, அதன் மேல் ஒரு கொட்டன் துணி, முதலில் அதையே நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. உள்பக்கத்தில் அழுத்தி முடித்த பிறகு திருப்பிப் போட்டு, மேலே துணி விரித்து, வெளிப்பக்கத்திலிருந்தும் ஒரு தரம் அழுத்துங்கள். பசை உள்ளே இறங்குவது இந்த இரண்டாவது அழுத்தலில்தான்.

எடுத்த உடனே இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். சூடாக இருக்கும்போது எந்தப் பசையும் கழன்றுதான் வரும். அசைக்காமல், மடிக்காமல், அப்படியே தட்டையாக ஆற விடுங்கள், அவசரம் என்றால் மேலே ஒரு பாரமான புத்தகத்தை வையுங்கள். கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறின பிறகு இழுத்துப் பாருங்கள்.

தைக்கும்போது அழகாக இருந்தது, முதல் துவைப்பில் கொப்புளித்துவிட்டது

இதற்குக் காரணம் பெரும்பாலும் சுருக்கம். துணி சுருங்கியிருக்கும், ஃபியூசிங் சுருங்கியிருக்காது. 15 அங்குலக் கொலர் 3 சதவீதம் சுருங்கினால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுருங்காமல் நிற்கிற ஃபியூசிங்கில் அந்த நீளம் எங்கே போகும்? எழும்பிக் கொப்புளமாக நிற்கும்.

எனவே கொட்டன் எதுவாக இருந்தாலும், ஸ்கூல் யூனிஃபோர்ம் வெள்ளைத் துணி, வொயில், கைத்தறி, லினன், வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காய வைத்துவிடுங்கள். பிறகு எந்த விதமாகத் துவைக்கப் போகிறீர்களோ அந்த விதமாகவே நனைக்க வேண்டும். சுடுதண்ணீரில் ஊற வைத்துத் துவைக்கிற வீடு என்றால் துணியையும் சுடுதண்ணீரில் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, நனைத்தாயிற்று என்று சொல்லிக்கொள்வது உங்களை நீங்களே ஏமாற்றுவதுதான். தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் மழையும் வெயிலும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் நனைத்துக் காய வைக்கப் பொறுமை இருக்காது, அந்த நேரத்தில் தைத்ததுதான் தைப்பொங்கலுக்கு முன்பே கொப்புளித்து நிற்கும். துணி எடுத்த அன்றே நனைத்துவிடுங்கள், தைக்கும் நாள் எப்போது வந்தாலும் வரட்டும்.

சுருக்கம் காரணமா, ஒட்டாதது காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொப்புளத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். துணி தளர்வாக, ஃபியூசிங்கிலிருந்து முழுக்க விடுபட்டு வழுக்கினால் அது முதலிலேயே சரியாக ஒட்டாதது, மேலே சொன்ன முறையில் காய வைத்து மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துவிடும். அழுத்தினதும் கொப்புளம் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடுகிறது, ஆனால் போகவே மாட்டேன் என்கிறது என்றால் அது அளவு வித்தியாசம். அதற்கு அயன் மருந்தில்லை, பிரித்து மாற்றத்தான் வேண்டும்.

நாலைந்து மாதம் நன்றாக இருந்துவிட்டு மெல்ல மெல்லக் கழல்கிறது

துவைக்கிற விதத்தைப் பாருங்கள். பீலியில் கல்லில் அடித்துத் துவைத்து, கொலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தால் எந்தப் பசையும் தாங்காது. அடிக்கும் ஒவ்வோர் அடியிலும் ஃபியூசிங்குக்கும் துணிக்கும் இடையில் இருக்கிற புள்ளி ஒன்றிரண்டு விடும். கொலரையும் கஃபையும் மட்டும் கையில் வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மீதிச் சேர்ட்டை எப்படி வேண்டுமானாலும் துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துவைக்கிறவர் நீங்கள் இல்லை என்றால் அவரிடம் சொல்லிவிடுங்கள், தைத்தவர் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் கல் தன் வேலையைச் செய்துவிடும்.

அடுப்புக்கு மேலே கட்டின கொடியில் காய வைப்பவர்கள் கொலர் பக்கம் நெருப்புக்கு நேரே வராமல் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகி இழுத்துக்கொண்டு காய்ந்தால் பசைக்கு நல்லதில்லை. புகை மணம் வேறு.

கொலர் அட்டை மாதிரி விறைக்கிறது, அல்லது போட்டும் போடாதது போல இருக்கிறது

இது ஒட்டும் பிரச்சினையே இல்லை, தெரிவுப் பிரச்சினை. அநேகமானவர்கள் கடைக்குப் போய் "முதலாளி, கொலருக்குப் போடுற கம் கன்வஸ் ஒரு யார் வெட்டுங்க" என்று கேட்டு, அவர் வெட்டித் தந்ததை சேர்ட்டுக்கும் போட்டு, சாரி பிளவுஸ் கழுத்துக்கும் போட்டு, பிள்ளையின் கவுன் இடுப்புப் பட்டிக்கும் போட்டுவிட்டு, ஏன் இப்படி நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

கடையில் கிடைப்பதைப் பெரிதாக மூன்றாகப் பிரிக்கலாம். கடதாசி போல இருப்பது, இழை நெய்யாமல் அமுக்கிச் செய்தது. மலிவு, எந்தப் பக்கமும் வெட்டலாம், ஆனால் மடித்துக் கசக்கினால் கோடு விழும், நாளாக நாளாக நார் நாராகப் பிரியும். இதிலும் சிலது ஒரு பக்கம் கொஞ்சம் இழுபடும், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டே வெட்டுங்கள். இரண்டாவது நெய்தது. துணி மாதிரியே இழை ஓட்டம் இருக்கும், அதைத் துணியின் இழை ஓட்டத்தோடு சேர்த்து வெட்ட வேண்டும், விலை கூட, ஆனால் சேர்ட் கொலர், கஃப், பிளவுஸ் கழுத்து எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது பின்னல், டீசேர்ட் மாதிரி இழுபடும் துணிகளுக்கு.

கொழும்பில் புறக்கோட்டைக்குப் போனால் எல்லாத் தடிப்பிலும் எடுத்துக்கொள்ளலாம். நம் டவுனில் ஒன்றிரண்டு தடிப்புத்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை, ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபியூசிங் துணியைவிட மெல்லியதாகவோ அதிகம் போனால் சமமாகவோ இருக்கட்டும், ஒருக்காலும் துணியைவிடத் தடிப்பாக வேண்டாம். ஒட்டின பிறகு பசையும் சேர்ந்து விறைப்பு இன்னும் ஒரு படி கூடும் என்பதால் கையில் பிடிக்கும்போது "கொஞ்சம் போதாதோ" என்று தோன்றுவதுதான் பெரும்பாலும் சரியான தடிப்பு. துணியின் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள், இரண்டையும் சேர்த்து விரலிடுக்கில் வைத்து மடித்துப் பாருங்கள், அந்த வளைவு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும்.

டீச்சர்மாருக்கு சாரி பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுத்துச் சுற்றுக்கும் கொக்கிப் பட்டிக்கும் மெல்லிய நெய்த ஃபியூசிங் போதும், வேறெங்கும் வேண்டாம். கொக்கிப் பட்டிக்குத் தடிப்பானதைப் போட்டால் கொக்கி நன்றாக நிற்கும், ஆனால் உட்காரும்போது நெஞ்சுக்கு நடுவில் கம்பு வைத்த மாதிரி முன்னே தள்ளும். ஜரிகைக் கரையுள்ள துணி என்றால் ஜரிகை மேல் நேரே சூடு வைக்காதீர்கள், இப்போது வருகிற ஜரிகையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக், சுருண்டுவிடும்.

இன்னொன்று, கார்மென்ட் மிச்ச ரோல். சேர்ட் கொலருக்கென்று தொழிற்சாலைக்குச் செய்த ஃபியூசிங்கில் பெரும்பாலும் பொலிஎத்திலீன் பசை இருக்கும், அது துவைப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் ஒட்டுவதற்கு சூடும் அழுத்தமும் நிறைய வேண்டும். அங்கே அதற்கென்று அழுத்தும் மெஷின் இருக்கிறது, நம்மிடம் இருப்பது இரண்டு கைதான். இந்த ரகம் கையில் கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம், சூட்டைக் கூட்டி, நேரத்தை இரண்டு மடங்காக்கி, வாகாக நின்று மேலே சாய்ந்து அழுத்துங்கள். பொலியெஸ்டர் துணிக்கு மட்டும் இதை வைக்காதீர்கள். பசை உருகுவதற்குள் துணி பளபளத்துவிடும்.

ஒட்டினதும் துணி உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்குகிறது

முதல் துவைப்பில் கொப்புளிப்பதற்கு நேர் எதிர். இங்கே ஃபியூசிங்தான் சுருங்கியிருக்கிறது. நெய்ததும் பின்னலும் சூட்டில் சுருங்கக் கூடியவை. வெட்டுவதற்கு முன் வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, ஃபியூசிங்கை மெல்ல மடித்து உள்ளே விட்டு, தண்ணீர் ஆறும் வரை விட்டுவிடுங்கள். பிழிய வேண்டாம், கசக்க வேண்டாம், துவாய் மேல் விரித்துத் தண்ணீர் வடிய விட்டுப் பிறகு கொடியில் போடுங்கள். பசை இதில் கரையாது, பயப்பட வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம். காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை இதற்கும் உண்டு. நனைத்த ஃபியூசிங் நம் குளிரில் காய இரண்டு நாள்கூட எடுக்கும், அயன் போட்டுக் காய வைக்க முடியாது என்பதால் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கடதாசி வகைக்கு இந்த நனைப்பு தேவையில்லை.

வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பசை தெரிகிறது

சூடு கூடிவிட்டது, அல்லது துணி மிக மெல்லியது. ஜோர்ஜட், சிஃபோன், மெல்லிய வொயில் போன்றவற்றில் பெரிய புள்ளி உள்ள ஃபியூசிங் எப்படிச் செய்தாலும் வெளியே தெரியும். நுண்ணிய புள்ளி உள்ளதாகத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அதே துணியில் இன்னொரு துண்டை வெட்டி உள்ளே வைத்துத் தைத்துவிடுங்கள். முந்திய காலத்தில் எல்லாரும் அப்படித்தான் தைத்தார்கள், கழுத்து நிற்காமலா போனது.

சூடு எவ்வளவு வைப்பது என்பதற்கு அயனில் இருக்கும் புள்ளிகள்: ஒரு புள்ளி அதிகபட்சம் 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. ஃபியூசிங்குக்கு இரண்டு புள்ளியில் தொடங்குங்கள், போதாவிட்டால் மெல்ல ஏற்றுங்கள். நைலோன் துணிக்கு இரண்டு புள்ளியே அதிகம்.

கறுப்புத் துணியில் வெள்ளை ஃபியூசிங் போட்டால் துணி சாம்பல் பூத்தது போலத் தெரியும், அது பசை இல்லை, நிறம். கறுப்பு ஃபியூசிங் கேட்டு வாங்குங்கள்.

விளிம்பில் கோடு விழுகிறது, தையல் ஓரம் தடித்து நிற்கிறது

ஃபியூசிங் முடிகிற இடம் துணியின் வெளிப்பக்கத்தில் ஒரு வரம்பு போலத் தெரியும். நேராக வெட்டிய விளிம்பை வளைவு வளைவாக, அல்லது பல்லுப் பல்லாக வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால் அந்தக் கோடு உடைந்து தெரியாமல் போகும். தையல் ஓரம் தடிப்பாக இருந்தால், ஃபியூசிங்கைத் தையல் கோட்டுக்கு உள்ளே முடிகிற மாதிரி வெட்டக் கூடாது, அப்படி வெட்டினால் தையலில் பிடிக்காமல் பிறகு கழலும். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் அகலம், கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர், விட்டு மீதியை வெட்டுங்கள். கொலர் மூக்கில் மட்டும் சாய்வாக வெட்டிவிடுங்கள், மூக்கைத் திருப்பும்போது கூராக வரும்.

இழுபடும் துணி, போட்டதும் இழுபடாமல் போய்விட்டது

நெய்ததை அல்லது கடதாசி வகையைப் போட்டிருக்கிறீர்கள். பின்னல் வகையைப் போடுங்கள், அதன் இழுபடும் பக்கம் துணியின் இழுபடும் பக்கத்தோடு ஒத்துப்போகட்டும். பட்டன் துளைப் பட்டிக்கு மட்டும் இழுபடாமல் இருப்பதே நல்லது, அங்கே வேண்டுமென்றே திருப்பி வெட்டலாம்.

எதைச் செய்தாலும் ஒட்டவே இல்லை

துணியைச் சந்தேகப்படுங்கள். மழைக் கோட்டுத் துணி, தண்ணீர் உருண்டோடுகிற மாதிரிப் பூச்சுப் போட்ட எந்தத் துணி, வெல்வெட், மேடு பள்ளமாக நெய்த துணி, இவற்றில் பசைக்குப் பிடிமானமே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், துணி உறிஞ்சாமல் முத்தாக நிற்கிறது என்றால் ஃபியூசிங்கை மறந்துவிட்டு ஒட்டாத கன்வஸ் வாங்கித் தைத்துப் பொருத்துங்கள். புதுத் துணியில் போட்டிருக்கும் கஞ்சியும் சில நேரம் இதைச் செய்யும், நனைத்துக் கஞ்சியைப் போக்கினால் சரி.

அயனில் பசை ஒட்டிக்கொண்டது

இதைத் தடுப்பது சுலபம்: அயனுக்கும் ஃபியூசிங்குக்கும் நடுவில் எப்போதும் ஒரு பழைய கொட்டன் லேஞ்சியை விரியுங்கள், அதே லேஞ்சியை ஒரே பக்கமாக விரியுங்கள், ஏனென்றால் பசை பட்ட பக்கத்தை மறந்துபோய்த் திருப்பினால் அடுத்த துணியில் ஒட்டும். கேக் சுடும் ஒயில் பேப்பரும் நல்லது, மெழுகு பூசியதாக மட்டும் இருக்கக் கூடாது.

ஒட்டிவிட்டது என்றால் அயனை இளஞ்சூட்டில் வைத்து, பழைய துவாயை நனைத்துப் பிழிந்து மடித்துப் போட்டு அதன் மேல் அழுத்தி அழுத்தித் துடையுங்கள். பனடோல் குளிசையைச் சூடான தட்டில் தேய்க்கிறவர்கள் உண்டு, பசை வரும்தான், ஆனால் அந்த நெடி அறையை விட்டுப் போக நேரம் எடுக்கும், கை சுடுவதும் நிச்சயம். ஒட்டாத பூச்சுப் போட்ட அயனில் கத்தி, உப்பு, ஸ்டீல் பஞ்சு எதையும் கொண்டுபோகாதீர்கள்.

தைக்கும்போது ஊசி பிசுபிசுத்துத் தையல் தாண்டினால், ஃபியூசிங் இன்னும் ஆறவில்லை அல்லது முழுக்க ஒட்டவில்லை என்று அர்த்தம். ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் துண்டை ஆற விடுங்கள்.

தைத்து முடித்த சேர்ட்டில் கொப்புளம், பிரிக்காமல் முடியுமா

பாதி நேரம் முடியும். சேர்ட்டை நன்றாகக் காய வைத்து, கொலரின் உள்பக்கத்தைக் கம்பளி மேல் வைத்து, மேலே காய்ந்த லேஞ்சி போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற மாதிரி வைத்து அழுத்துங்கள். ஒட்டிக்கொண்டதும் புத்தகத்தை வைத்து ஆற விடுங்கள். மறுபடி எழும்பினால் அளவு வித்தியாசம், அப்போது கொலரின் கீழ்த்தையலைப் பிரித்து, சூடாக அழுத்தி, சூடு ஆறுவதற்குள் ஃபியூசிங்கை ஒரு மூலையிலிருந்து உரித்துவிடுங்கள். துணியில் மிஞ்சின பசை மேல் ஒரு கொட்டன் கந்தலைப் போட்டு அழுத்தி, சூட்டோடு இழுத்து எடுங்கள். கந்தலின் சுத்தமான இடத்தை மாற்றி மாற்றிப் போட்டால் பசை அதில் ஏறி வந்துவிடும். முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை, புது ஃபியூசிங் அதன் மேலேயே ஒட்டும்.

வாங்கின ரோலில் குறிப்பு இல்லை

ஒரு சாண் துணியில் நாலு அங்குலச் சதுரமாக ஃபியூசிங் வெட்டி வையுங்கள். சுற்றிலும் பென்சிலால் கோடு கீறுங்கள், சுருங்கினால் அந்தக் கோடு சொல்லும். ஒரு மூலையில் மட்டும் ஒரு சிறு கடதாசித் துண்டை நடுவில் செருகுங்கள், பிறகு இழுத்துப் பார்க்க அந்த மூலை ஒட்டாமல் நிற்கும். இரண்டு புள்ளிச் சூடு, 15 விநாடி. ஆறின பிறகு மூலையைப் பிடித்து இழுங்கள். சத்தமில்லாமல் உரிந்து வந்தால் போதாது, சூட்டையோ நேரத்தையோ ஒன்றை மட்டும் கூட்டி அடுத்த துண்டில் பாருங்கள், இரண்டையும் ஒரே தரம் கூட்டினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாது. இழுக்கும்போது நார் பிய்ந்து துணியிலேயே தங்கினால் நன்றாகப் பிடித்திருக்கிறது. அந்தத் துண்டை வீட்டுத் துணியோடு சேர்த்து ஒரு தரம் துவைத்து, காய்ந்ததும் பாருங்கள்.

சரிப்பட்ட சூட்டையும் விநாடியையும் அந்தத் துண்டிலேயே பேனாவால் எழுதி ரோலோடு குத்தி வையுங்கள். மிச்ச ஃபியூசிங்கை மடிக்காமல் கடதாசிக் குழலில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி அல்மாரியின் மேல்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டிலும் சுவரோரத்திலும் வைத்தால் ஓகஸ்ட் மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.